பிள்ளைக்குக் கிழமைக்கு எத்தனை நாள் நீச்சல் வகுப்பு? வன்னிப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"கிழமைக்கு ஒரு நாள் விட்டால் காணுமா, இரண்டு நாள் விடவேணுமா?" பிள்ளையை நீச்சலுக்குச் சேர்க்க நினைக்கும் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். வன்னியில் இருந்துகொண்டு இதைக் கேட்டால் பஸ் நேரம், ரியூசன், மாரி மழை, வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் எல்லாமே கேள்விக்குள் வந்துவிடும். ஆகவே வேறு நாட்டுக்காரர் தங்கள் வசதிக்கு எழுதிய பதிலை அப்படியே எடுத்துப் பின்பற்ற முடியாது.

அவசரமாகப் பதில் தேவைப்படுகிறவர்களுக்காக முதலே சொல்லிவிடுகிறேன். புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்குக் கிழமைக்கு இரண்டு நாள் நல்லது. அது முடியாவிட்டால், பள்ளி விடுமுறையில் தொடர்ச்சியாக இரண்டு கிழமை விட்டுப் பழக்கி, பிறகு கிழமைக்கு ஒரு நாளாகக் கொண்டுபோகலாம். நன்றாக நீந்தத் தெரிந்த பிறகு இரண்டு கிழமைக்கு ஒரு முறை போதும். மாரி மழை மறித்தாலொழிய, எந்த நிலையிலும் நீண்ட இடைவெளி விடக்கூடாது. நாட்கள் எத்தனை என்பதைவிட இடைவெளி எவ்வளவு என்பதுதான் முக்கியம். அதோடு, ஐப்பசி மழைக்கு முன்பே பிள்ளை தண்ணீரில் நல்ல பழக்கத்தோடு இருக்கும்படி ஆண்டைத் திட்டமிட வேண்டும். ஏன் இப்படி, உங்கள் பிள்ளைக்கு எது பொருந்தும் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலாம் படி: எதற்காகப் பழக்குகிறோம்?

நோக்கம் தெரியாமல் நாட்களை எண்ண முடியாது. மாகாணப் போட்டியில் நீந்தவேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளை கிழமைக்கு நாலைந்து நாள் தண்ணீரில் இறங்கவேண்டும். அது வேறு பாதை. என் பார்வையில் வன்னியில் வளரும் எந்தப் பிள்ளைக்கும் முதல் நோக்கம் ஒன்றுதான்: தவறித் தண்ணீருக்குள் விழுந்தால் உயிரோடு கரைக்கு வரத் தெரிந்திருக்கவேண்டும்.

அதற்கு என்னென்ன தெரியவேண்டும்? அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் ஐந்து காரியங்களைச் சொல்கிறது. தலைக்கு மேல் ஆழமுள்ள தண்ணீருக்குள் இறங்கி அல்லது குதித்து, திரும்ப மேலே வருதல். ஒரு நிமிடம் மிதந்துகொண்டிருத்தல். ஒரு முழுச் சுற்றுத் திரும்பி, எந்தப் பக்கம் வெளியேறலாம் என்று பார்த்தல். அந்தப் பக்கத்துக்கு 25 யார், அதாவது கிட்டத்தட்ட 23 மீற்றர், நீந்திப் போதல். கடைசியாக, ஏணி இல்லாமல் தண்ணீரை விட்டு ஏறுதல்.

இந்தக் கடைசிக் காரியத்தை நாங்கள் பெரிதாக எடுக்கவேண்டும். தடாகத்தில் படியும் பிடியும் இருக்கும். பாசி படிந்த சீமெந்து வாய்க்காலின் சரிவிலோ, சேற்றுக் கரையிலோ, குளக்கட்டின் கற்களிலோ ஏறுவது அப்படியல்ல. நீந்தி வந்த பிள்ளை கரையில் ஏற முடியாமல் களைத்துப்போகலாம். பயிற்றுநரிடம் இதையும் பழக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மற்ற நாடுகளின் அளவுகோலையும் தெரிந்து வைத்திருக்கலாம். இங்கிலாந்தில் ஆரம்பப் பள்ளி முடியும்போது பிள்ளை 25 மீற்றர் நீந்தத் தெரிந்திருக்கவேண்டும் என்று பாடத்திட்டமே சொல்கிறது. அவுஸ்திரேலியாவில் 12 வயதுக்குள் 50 மீற்றர் நிற்காமல் நீந்தவும் 2 நிமிடம் மிதக்கவும் தெரியவேண்டும் என்பது அளவு. எங்கு பார்த்தாலும் கால்வாயாக இருக்கும் நெதர்லாந்தில், நீச்சல் சான்றிதழ் எடுக்கும் பிள்ளை உடுப்போடும் நீந்திக் காட்டவேண்டும். எனக்கு மிகவும் பிடித்த விதி இது. எங்கள் பிள்ளைகளும் தண்ணீருக்குள் விழுந்தால் நீச்சல் உடுப்போடு விழப்போவதில்லை.

ஆக, நாலு வகை நீச்சலும் அழகாக வரவேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. இறங்கி மேலே வர, மிதக்க, திரும்ப, 25 மீற்றர் போக, ஏற என்ற ஐந்தும் வரும்வரை அடிக்கடி விடுங்கள். அதன் பிறகு குறைக்கலாம்.

இரண்டாம் படி: வீட்டைச் சுற்றி ஒரு நடை

ஒரு பின்னேரம் வளவைச் சுற்றியும் பள்ளிக்குப் போகும் வழியிலும் நடந்து, பிள்ளைக்கு எட்டக்கூடிய தண்ணீரையெல்லாம் பாருங்கள். கட்டில்லாத கிணறு, தோட்டத்துத் துரவு, கேணி, வாய்க்கால், துருசு (குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் கதவு), மதகு, குளம். கிரவல் வெட்டிய கிடங்கும் மணல் அள்ளிய குழியும் கோடையில் வெறுங் குழியாகத்தான் தெரியும். மழை வந்ததும் ஒரே இரவில் நிறைந்துவிடும். கரை செங்குத்தாக இருக்கும். ஆழம் வெளியில் தெரியாது. என்னைக் கேட்டால் குளத்தைவிட இந்தக் கிடங்குகளுக்குத்தான் நான் பயப்படுவேன். குளத்துக்கு ஊரில் ஒரு மரியாதை இருக்கிறது. கிடங்கை யாரும் கவனிப்பதில்லை.

இரணைமடு, அக்கராயன், முத்தையன்கட்டு, வவுனிக்குளம், கட்டுக்கரைக்குளம், பாவற்குளம் என்று பெரிய குளங்களை அண்டியிருப்போருக்கும், நாயாறு, கொக்கிளாய், மாத்தளன் பக்கம் கடலோடு இருப்போருக்கும் நீச்சல் அவசரமான காரியம். தண்ணீர் தூரமாக உள்ள குடும்பம் கிழமைக்கு ஒரு நாளோடு ஆறுதலாகப் போகலாம். குளக்கட்டுக்குக் கீழே குடியிருக்கும் குடும்பம் முதல் ஆண்டிலேயே கூடுதலான நாட்களை ஒதுக்கவேண்டும்.

ஆனால் வீட்டில் 4 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால், நீச்சல் வகுப்புக்குக் கொடுக்க இருக்கும் காசில் முதலில் கிணற்றுக்குக் கட்டும் வலையும் போடுங்கள். தண்ணீர் நிரப்பிய வாளியும் பீப்பாவும்கூடத் தவழும் பிள்ளைக்கு ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021இல் மட்டும் உலகத்தில் சுமார் 3 இலட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அதில் கிட்டத்தட்டக் கால்வாசிப் பேர் 5 வயதுக்குக் குறைந்தவர்கள். அந்த வயதில் வேலியும் கண்பார்வையும்தான் காப்பு.

மூன்றாம் படி: வயதைப் பார்த்தல்

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், ஒரு வயதிலிருந்தே பெற்றோரோடு தண்ணீர்ப் பழக்கம் தொடங்கலாம் என்றும், 4 வயதாகும்போது பெரும்பாலான பிள்ளைகள் முறையான வகுப்புக்குத் தயாராகிவிடுவார்கள் என்றும் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 6 வயதுக்கு மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும் தண்ணீர்ப் பாதுகாப்பும் கற்பிக்கச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், தடாகம் கிட்ட இருந்தால் 4 வயதில் தொடங்கலாம். தூரமாக இருந்தால் 6 வயது நல்ல வயது. பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் இருந்து களைத்து வரும் 4 வயதுப் பிள்ளை தண்ணீரைக் கண்டதும் அழத்தான் செய்யும்.

4, 5 வயதுப் பிள்ளைக்கு ஒரு முறையில் அரை மணித்தியாலம் போதும். உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும், கவனமும் நிற்காது. இந்த வயதுக்கு ஒரு நாள் ஒரு மணித்தியாலத்தைவிட இரண்டு நாள் அரை அரை மணித்தியாலம் எவ்வளவோ மேல். 6 முதல் 9 வரை 40, 45 நிமிடம் தாங்குவார்கள். சொன்னதை விளங்கிச் செய்கிற, பயமும் அளவாக இருக்கிற வயது அது. 10 வயதுக்கு மேல் தொடங்கும் பிள்ளை பிந்திவிட்டது என்று நினைக்கவேண்டாம். கை கால் நீளமும் பலமும் இருப்பதால் பலர் வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள். அவர்களுக்குத் தடையாக இருப்பது பெரும்பாலும் வெட்கம்தான்.

நான்காம் படி: நாட்களைக் கணக்கிடுதல்

உடம்பால் பழகும் எந்த வேலையும் ஒரே நாளில் நீண்ட நேரம் செய்வதைவிட, நாட்களாகப் பிரித்துச் செய்யும்போதுதான் நிலைக்கும். சைக்கிள் பழகியது போலத்தான்: முதல் நாள் விழுந்தெழும்பி, இரவு தூங்கி, அடுத்த நாள் ஏறும்போது கால் தானாகச் சரிக்கட்டும். நீச்சலில் முதலில் பழகவேண்டியது மூச்சு. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சை விட்டு, வெளியே எடுத்து இழுப்பது உடம்பின் இயல்புக்கு எதிரான காரியம். ஏழு நாள் இடைவெளியில் புதுப்பிள்ளை இதைப் பாதி மறந்துவிடும். வகுப்பின் முதல் 15 நிமிடம் போன கிழமையை மீட்பதிலேயே போய்விடும். கிழமைக்கு இரண்டு நாள் போகும் பிள்ளை மீட்டல் குறைவாக, புதியதைக் கூடுதலாகச் செய்யும்.

இதை மூன்று கட்டமாகப் பிரித்தால் தெளிவாக இருக்கும்.

முதற் கட்டம், பயம் போகும்வரை. முகத்தைத் தண்ணீருக்குள் வைக்க, குமிழி விட, மல்லாக்க மிதக்கப் பழகும் காலம். இங்கே அடர்த்தி முக்கியம். கிழமைக்கு 2 அல்லது 3 நாள், அல்லது விடுமுறையில் ஒவ்வொரு நாளுமாக இரண்டு கிழமை. கிழமையில் 5 நாளாக இரண்டு கிழமை போனால் 10 வகுப்பு. கிழமைக்கு ஒரு நாளாகப் போனால் அதே 10 வகுப்புக்கு இரண்டரை மாதம் வேண்டும். அந்த இரண்டரை மாதத்துக்குள் ஒரு காய்ச்சல், ஒரு கோயில் திருவிழா, ஒரு செத்தவீடு கட்டாயம் வரும்.

இரண்டாம் கட்டம், நீந்தப் பழகும் காலம். காலடி, கை வீச்சு, பக்கவாட்டில் மூச்சு. கிழமைக்கு 2 நாள் நல்லது, 1 நாளும் நடக்கும். ஒரு நாள் மட்டும் என்றால் தவறாமல் போகவேண்டும். ஒரு கிழமை விடுபட்டாலே இடைவெளி 14 நாளாகிவிடுகிறது. இந்தக் கட்டத்தில் மூன்று கிழமைக்கு மேல் இடைவெளி விட்டால் பழகியதில் கணிசமான பங்கு போய்விடும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

மூன்றாம் கட்டம், முதலாம் படியில் சொன்ன ஐந்தும் வந்த பிறகு. இரண்டு கிழமைக்கு ஒரு முறை போதும். மாதத்துக்கு ஒரு முறை என்பது கடைசி எல்லை. பிள்ளை வளர்வதால் உடம்பின் நிறையும் நீளமும் மாறுகின்றன. 7 வயதில் மிதந்த பிள்ளை 10 வயதில் வேறு உடம்போடு மிதக்கவேண்டியிருக்கிறது.

அடுத்தது, நாட்களை எண்ணும்போது நிமிடங்களையும் எண்ணுங்கள். 40 நிமிட வகுப்பில் 10 பிள்ளைகளுக்கு ஒரு பயிற்றுநர் ஒருவர் பின் ஒருவராகப் பழக்கினால், ஒரு பிள்ளைக்கு 4 நிமிடம்தான் கிடைக்கும். மற்ற 36 நிமிடமும் கரையில் நடுங்கிக்கொண்டு நிற்கும். அப்படியான வகுப்புக்கு மூன்று நாள் விடுவதைவிட, 4, 5 பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு ஒரு நாள் விடுவது பயன். சேர்க்க முன் ஒரு நாள் போய்க் கரையில் இருந்து பாருங்கள். ஒரு பிள்ளையைத் தெரிந்தெடுத்து அது எவ்வளவு நேரம் உண்மையில் அசைகிறது என்று கவனியுங்கள். அதோடு, பயிற்றுநர் தண்ணீருக்குள் நிற்கிறாரா, கரையில் தனியாகக் கண்காணிக்க ஒருவர் இருக்கிறாரா என்றும் பாருங்கள். இந்த இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால் எந்தச் சலுகை தந்தாலும் சேர்க்கவேண்டாம்.

ஐந்தாம் படி: தூரமும் காசும்

வன்னியில் தடாகம் என்றால் கிளிநொச்சி, வவுனியா என்று நகரப்பக்கம்தான் போகவேண்டும். புதுக்குடியிருப்பிலிருந்தோ விசுவமடுவிலிருந்தோ ஏ35 வீதியால் பரந்தன் வந்து கிளிநொச்சி போவது பிள்ளைக்கு அரை நாள் வேலை. மல்லாவிப் பக்கத்தால், நெடுங்கேணிப் பக்கத்தால் வருவோருக்கும் இதே கதை. அரை மணித்தியால வகுப்புக்காகக் கிழமைக்கு மூன்று முறை இப்படி ஓடினால் இரண்டு மாதத்தில் குடும்பமே களைத்துப்போய் எல்லாவற்றையும் விட்டுவிடும். தாங்கக்கூடிய அளவு எதுவோ அதுதான் சரியான அளவு.

ஒரு நாளைய முழுச் செலவை ஒரு தாளில் எழுதுங்கள்: வகுப்புக் காசு, போக்குவரத்து, சாப்பாடு, கூடப் போகிறவர் இழக்கும் நாட்கூலி. அதை நான்காம் படியில் சொன்ன உண்மையான நிமிடங்களால் வகுத்துப் பாருங்கள். எந்த வகுப்பு மலிவு, எது விலை கூடியது என்று அப்போதுதான் தெரியும். நான் பார்த்த மட்டில் தூரத்துக் குடும்பங்களுக்கு மூன்று வழிகள் சரிவருகின்றன.

ஒன்று, விடுமுறையில் நகரத்தில் உள்ள சித்தி, மாமி வீட்டில் பிள்ளையை இரண்டு கிழமை நிறுத்தி ஒவ்வொரு நாளும் விடுதல். இரண்டு, ஊரில் ஏழெட்டுப் பிள்ளைகள் சேர்ந்து சனிக்கிழமைக்கு ஒரு வான் பேசுதல். பயிற்றுநரோடு முதலே கதைத்து அந்தப் பிள்ளைகளுக்கென்றே ஒரு நேரம் எடுத்தால் தரமும் கூடும், காசும் குறையும். மூன்று, ஒரே நாளில் காலையும் பின்னேரமும் இரண்டு வகுப்பு. நடுவில் சாப்பாடும் இரண்டு மூன்று மணித்தியால ஓய்வும் கட்டாயம் வேண்டும். 8 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

போக முன் தொலைபேசியில் கேளுங்கள். தண்ணீர் மாற்றுகிறார்கள், மோட்டர் பழுது, ஏதோ போட்டி நடக்கிறது என்று தடாகம் பூட்டியிருக்கும் நாட்கள் உண்டு. பிள்ளையோடு இவ்வளவு தூரம் வந்து பூட்டிய கேற்றைப் பார்ப்பது எல்லோருக்கும் மனச்சோர்வு.

ஆறாம் படி: ஆண்டைப் பங்கிடுதல்

ஒக்டோபரில் இடி மின்னலோடு மழை தொடங்கும். நவம்பர், டிசம்பரில் வடகீழ்ப் பருவமழை. குளங்கள் நிறைந்து வான் பாயும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் எப்படி வெள்ளத்துக்குள் கிடந்தன என்பதை யாரும் மறந்திருக்கமாட்டோம். பிள்ளை தண்ணீரில் விழக்கூடிய ஆபத்து ஆண்டிலே இந்த மூன்று நாலு மாதத்தில்தான் அதிகம். அதே நேரம் வகுப்புக்குப் போவது மிகவும் கஷ்டமான காலமும் இதுதான். வீதி வெள்ளம், பஸ் இல்லை, தண்ணீர் குளிர், மூன்றாம் தவணைப் பரீட்சை.

அதனால் ஆண்டின் அடர்த்தியான பகுதியை ஓகஸ்ட், செப்டெம்பருக்குக் கொண்டுவாருங்கள். விடுமுறைத் திகதிகள் சில ஆண்டுகளில் மாறினாலும் வழமையாக ஓகஸ்டில் ஒரு விடுமுறை வரும். அதில் தொடர்ச்சியான இரண்டு கிழமை, பிறகு செப்டெம்பர் முழுவதும் கிழமைக்கு ஒரு நாளாவது. மடுத் திருவிழாவுக்குப் போகும் குடும்பங்கள் ஓகஸ்ட் 15ஐ ஒட்டிய நாட்களை விட்டுவிட்டுத் திட்டம் போடுங்கள். முதன்முதலாகத் தொடங்கும் பிள்ளைக்கு ஏப்ரல் விடுமுறை நல்லது. தண்ணீர் சூடாக இருக்கும், பயம் போவது சுலபம். ஆனால் நடுப்பகல் வெயிலில் விடாதீர்கள், காலை அல்லது நாலு மணிக்குப் பிறகு. ஏப்ரலில் பின்னேர இடி மழையும் வரும். இடி கேட்டால் உடனே தண்ணீரை விட்டு ஏறவேண்டும், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப இறங்கவேண்டும்.

மே, ஜூன், ஜூலையில் கிழமைக்கு ஒரு நாள். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் கிழமை விடுபட்டால் அடுத்த கிழமை ஒரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். நவம்பரிலிருந்து ஜனவரி வரை வகுப்பு நின்றுபோனால் அதற்காக மனம் வருந்தவேண்டாம். ஜனவரி கடைசியிலோ பெப்ரவரியிலோ மழை ஓய்ந்ததும் இரண்டு மூன்று வகுப்பு விட்டு மீட்டெடுங்கள்.

புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் தரம் 5 பிள்ளைகளைப் பற்றிப் பலர் கேட்பார்கள். அந்த ஆண்டு முழுக்க நீச்சலை நிறுத்துவதை நான் ஏற்கவில்லை. இரண்டு கிழமைக்கு ஒரு சனிக்கிழமை பின்னேரம் போனால் படிப்புக் கெடாது. முடிந்தால் தரம் 3, 4இலேயே அடிப்படையை முடித்துவிடுங்கள். தரம் 5இல் காத்து வைத்திருந்தால் போதும்.

ஏழாம் படி: வகுப்பு இல்லாத நாட்கள்

கிழமைக்கு ஒரு நாள் மட்டும் போக முடிந்த பிள்ளைக்கு வீட்டில் செய்யக்கூடியது இருக்கிறது. பெரிய சட்டியில் சுத்தமான தண்ணீர் வைத்து, நீங்கள் பக்கத்தில் இருக்க, முகத்தை உள்ளே வைத்து மூக்காலும் வாயாலும் குமிழி விடப் பழக்குங்கள். குளிக்கும்போது தலையில் தண்ணீர் ஊற்றினால் கண்ணைத் துடைக்காமல் மூச்சைச் சீராக விடப் பழக்கலாம். பாயில் படுத்துக் காலடி பழகலாம். ஐந்து நிமிடம் போதும், ஒவ்வொரு நாளும். முடிந்ததும் சட்டித் தண்ணீரை ஊற்றிவிடுங்கள்.

"அப்ப குளத்தில் பழக்கினால் என்ன?" என்று கேட்பீர்கள். எங்கள் தகப்பன்மார் பலரும் குளத்திலும் கேணியிலும்தான் பழகினார்கள். ஆனால் குளம் பழகத் தொடங்கும் இடமல்ல. ஓரடி எடுத்துவைத்தால் ஆழம் மாறும். அடியில் சேறும் பழைய மரக்கட்டையும், மேலே தாமரைக் கொடியும் பாசியும். வன்னிக் குளங்களில் முதலையும் உண்டு. துருசு திறந்திருக்கும்போது அதன் வாய்ப்பக்கம் தண்ணீர் இழுக்கும் விசை பெரியவரையே இழுத்துவிடும். வான் பாயும் இடத்தில் குளிப்பது இன்னும் மோசம். மழை வெள்ளமும் வயல் தண்ணீரும் கலந்த இடத்தில் எலிக்காய்ச்சல் ஆபத்தும் இருக்கிறது. முல்லைத்தீவுக் கடற்கரை திறந்த கடல். அலை திரும்பும்போது காலுக்குக் கீழே மணலையும் சேர்த்து இழுக்கும்.

நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க, பிள்ளையின் இடுப்பளவு தண்ணீரில், மழையில்லாத காலத்தில், ஊர் குளிக்கும் துறையில், உயிர்காப்பு அங்கி போட்டுத் தண்ணீர்ப் பழக்கம் கொடுக்கலாம். முதலை நடமாட்டம் பற்றி மீனவரிடமோ மாடு மேய்ப்பவரிடமோ முதலில் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்.

தடாகமே எட்டாத ஊருக்கும் வழி இருக்கிறது. எங்களைப் போலவே தண்ணீர் சூழ்ந்த பங்களாதேசத்தில், கிராமத்துக் குளங்களில் மூங்கிலால் மேடையும் வேலியும் கட்டி, ஆழத்தை அளவாக வைத்து, பயிற்சி பெற்ற ஊர் இளைஞர்களைக் கொண்டு 4 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பித்தார்கள். 25 மீற்றர் நீந்துவதும் 30 வினாடி மிதப்பதும் அங்கே தேர்ச்சி அளவு. அப்படிப் பழகிய பிள்ளைகளிடையே மூழ்கிச் சாவது மிகப் பெரிய அளவில் குறைந்தது. கிராம அபிவிருத்திச் சங்கமும் பள்ளிப் பெற்றோர் சங்கமும் மனம் வைத்தால், முதலை இல்லாத சிறு குளத்திலோ கேணியிலோ இது இங்கேயும் முடியக்கூடிய காரியம். தனிக் குடும்பமாகச் செய்யவேண்டாம், பயிற்சி பெற்ற ஆள் இல்லாமலும் செய்யவேண்டாம்.

எட்டாம் படி: கூட்டவா, குறைக்கவா?

ஆறு வகுப்பு முடிந்ததும் ஒரு முறை உட்கார்ந்து யோசியுங்கள். ஒவ்வொரு முறையும் பயிற்றுநர் பழையதையே திரும்பத் தொடங்கவேண்டியிருக்கிறதென்றால் இடைவெளி கூடிவிட்டது. ஒரு நாள் கூட்டுங்கள். வகுப்புக்கு முதல் நாள் இரவே வயிற்றுவலி என்கிறது, "நான் வரேல்லை" என்று அழுகிறது என்றால் உடனே நிறுத்தாமல் காரணத்தைத் தேடுங்கள். தண்ணீரை நினைத்துப் பயமா, பயிற்றுநரையா, கூட வரும் பிள்ளைகளின் கேலியையா? தண்ணீர்ப் பயம் என்றால் நாட்களைக் குறைப்பது பயத்தைக் கூட்டும். நேரத்தைக் குறைத்து நாட்களை வைத்திருங்கள். பயிற்றுநர் பிள்ளையைப் பிடித்துத் தலையை அமுக்குகிறவர் என்றால் அன்றோடு நிறுத்துங்கள். அந்தப் பயத்தை எடுக்க ஆண்டுக்கணக்காகும்.

உதடு நீலமாகி நடுங்கினால் அன்றைய வகுப்பு முடிந்தது என்று அர்த்தம். மெலிந்த பிள்ளைகளுக்கு இது அடிக்கடி நடக்கும். அடுத்த நாள் பள்ளியில் தூங்கி விழுகிறதென்றால் நாட்கள் கூடிவிட்டன. காது வலி, காதால் நீர் வடிதல், வயிற்றோட்டம், காய்ச்சல், ஆறாத புண் இருந்தால் சுகமாகும்வரை தண்ணீர் வேண்டாம். வலிப்பு நோயோ முட்டோ (ஆஸ்துமா) உள்ள பிள்ளையை டொக்டரிடம் கேட்டுத்தான் சேர்க்கவேண்டும், பயிற்றுநருக்கும் முதல் நாளே சொல்லிவைக்கவேண்டும்.

ஒன்பதாம் படி: பெண் பிள்ளைகள்

இதைத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது. பல வீடுகளில் மகன் கிழமைக்கு இரண்டு நாள் போவான், மகள் சாமத்தியப்பட்டதும் நின்றுவிடுவாள். தண்ணீர் ஆண் பெண் பார்ப்பதில்லை. கிணற்றில் அள்ளுவது, வாய்க்காலில் தோய்ப்பது, தம்பி தங்கையைக் குளிப்பாட்டுவது என்று தண்ணீரோடு கூடப் புழங்குவதும் அவள்தான். 6 வயதில் தொடங்கினால் 10 வயதுக்குள் அடிப்படை முழுவதையும் முடித்துவிடலாம். அதனால் மகளுக்கு முதல் இரண்டு ஆண்டில் நாட்களைக் கூட்டிக் கொடுங்கள் என்பேன். பிறகும் தொடர வழி உண்டு: முழங்கால் மூடும் இறுக்கமான காற்சட்டையும் முழுக்கை மேலாடையும் போட்டு நீந்தலாம். பெண்களுக்கென்று தனி நேரம் கேளுங்கள். நாலு தாய்மார் சேர்ந்து கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். பெண் பயிற்றுநர் இல்லாவிட்டால் தாயோ சித்தியோ கரையில் இருக்கட்டும். மாதவிடாய் நாட்களில் விடுபடும் வகுப்பை வேறு நாளுக்கு மாற்றித் தருவார்களா என்றும் முதலே பேசிக்கொள்ளுங்கள்.

பத்தாம் படி: சோதித்துப் பார்த்துக் குறைத்தல்

நாட்களைக் குறைக்க முன் பயிற்றுநர் முன்னிலையில் தடாகத்திலேயே ஒரு சோதனை வையுங்கள். பள்ளி உடுப்போ வீட்டு உடுப்போ போட்டு, ஆழமான பக்கம் இறங்கி, மேலே வந்து, ஒரு நிமிடம் மிதந்து, திரும்பிப் பார்த்து, 25 மீற்றர் வந்து, ஏணி பிடிக்காமல் ஏறவேண்டும். இரண்டு வேறு நாட்களில் இதைச் செய்துகாட்டினால் இரண்டு கிழமைக்கு ஒரு முறையாகக் குறைக்கலாம். ஒவ்வொரு ஆண்டும் செப்டெம்பரில், மழைக்கு முன், இதே சோதனையைத் திரும்ப வையுங்கள். தடுமாறினால் ஒக்டோபருக்கு முன் மூன்று நாலு வகுப்புக் கூட்டுங்கள்.

அதே நாளில் இன்னொன்றையும் பழக்குங்கள்: மற்றவர் மூழ்கும்போது தான் குதிக்கக்கூடாது. நீந்தத் தெரிந்த பிள்ளைதான் நண்பனைக் காப்பாற்றக் குதித்துத் தானும் போகிறது. சாரத்தை எறி, கம்பையோ தென்னோலையையோ நீட்டு, வெற்றுப் பிளாஸ்டிக் கானை எறி, சத்தம் போட்டுப் பெரியவரைக் கூப்பிடு. மூழ்குகிறவர் பெரும்பாலும் கத்தமாட்டார், கைகாட்டவும் மாட்டார். சத்தமில்லாமல் ஒரு நிமிடத்துக்குள் உள்ளே போய்விடுவார் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். அம்புலன்சுக்கு 1990. கட்டணமில்லை. இந்த இலக்கம் பிள்ளைக்கு மனப்பாடமாக இருக்கவேண்டும். பெரியவர்கள் மூச்சுக் கொடுக்கும் முதலுதவியைப் பழகி வைத்திருங்கள். தண்ணீரில் எடுத்தவருக்கு முதலில் தேவைப்படுவது மூச்சு. தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் நேரத்தை வீணாக்கும்.

சோதனையில் தேறிய பிள்ளையும் தனியாகக் குளத்துக்குப் போகக்கூடாது. வீட்டில் இந்த விதியைத் தளர்த்தவேண்டாம். பெரியவர் கூட நிற்கும்போது கையில் போன் இருக்கக்கூடாது.

இவ்வளவையும் பார்த்துவிட்டு, ஒரு கலண்டரை எடுத்து ஏப்ரலிலும் ஓகஸ்டிலும் இரண்டு இரண்டு கிழமையை அடையாளம் பண்ணுங்கள். இடையில் வரும் சனிக்கிழமைகளில் போக முடிந்தவற்றுக்கு மட்டும் வட்டம் போடுங்கள். மாரி மாதங்களை விட்டு, இரண்டு வட்டங்களுக்கு இடையில் மூன்று கிழமைக்கு மேல் வெறுமையாக இருக்கும் இடத்தைத் தேடி, அங்கே ஒரு நாளை எப்படியாவது சேர்த்துவிட்டுப் பயிற்றுநருக்குத் தொலைபேசி எடுங்கள்.